எந்தப் பால் பொங்கும், அத்தை?

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

பிரியமுள்ள கலைவாணி அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் சிவசங்கரி, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எழுதுவது. அப்படியும் சோயா வாசனை போகவில்லை. தாளில் வந்தால் பொறுத்துக்கொள்ளவும். இங்கே அப்பா, அம்மா, நான், செவலை மாடு, செவலையின் கன்று ஆகிய ஐவரும் சௌக்கியம். கன்றுக்கு மட்டும் நேற்றிலிருந்து வயிறு கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது, காரணம் தெரியவில்லை, மற்றபடி துள்ளுகிறது. அங்கே நீங்களும் கோபிநாத் மாமாவும் சுவேதா அக்காவும் அந்தப் பிரான்சுக் குளிரில் காது மூடி, கால் மூடி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். நம் குடும்பக் குழுவில் போட்டால் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், பதில் வராது. உங்களுக்குத் தனியாகப் போடலாம் என்றால் அம்மாவின் போனில்தான் போட வேண்டும். அந்த போனை அப்பா எடுத்துத் திரையில் இருப்பதை எல்லாம் மாட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிப்பார். அதனால்தான் தாள். நம் எதிர்வீட்டுக் கலியபெருமாள் மாமா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், தெருவில் எல்லாரும் சொல்தா என்று கூப்பிடுவார்களே, அவர் மகனைப் பார்க்க நாளைக்குப் பாரிசுக்குக் கிளம்புகிறார். சாயங்காலம் வந்து இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஊறுகாய் பாட்டிலோடு சேர்த்துக் கட்டுவேன், எண்ணெய் பட்டிருந்தால் அது என் தவறு இல்லை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முறையாக ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். லாஸ்பேட்டையில் நீங்கள் வாங்கியிருக்கும் புது ஃப்ளாட்டில் தை மாதம் பால் காய்ச்சுவது என்று முடிவானதும் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பால் ஊற்றுகிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “தை மாசத்துல ஒரு நாள் மட்டும் பால் லேட்டாவும், கோவிச்சுக்காதீங்க, தங்கச்சி புது வீட்டுல நம்ம செவலை பால்தான் பொங்கப் போவுது” என்று சொல்லிவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். பரணிலிருந்து பித்தளைத் தூக்கை இறக்கிப் புளி போட்டுத் துலக்கினார். அதற்கு அடுத்த வாரம் உங்களுடைய குரல் செய்தி வந்தது. அடுப்பங்கரையில் வைத்து நாங்கள் மூவரும் கேட்டோம். “அண்ணா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. சுவேதா இப்ப பால், தயிர், நெய் எதையும் தொடறதில்ல. நானும் விட்டுட்டேன். புது வீட்டுல மொதல்ல பொங்கறது மாட்டுப் பாலா இருக்கக் கூடாது, அது கன்னுக்குட்டிக்குச் சேர வேண்டியதுன்னு அழுவுறா. செடியிலேர்ந்து எடுக்கிற பால் ஏதாச்சும் வச்சுப் பொங்க வச்சிடலாம்ணா. மாட்டையும் கன்னையும் கூட்டிக்கினு வா, அது வேணும். பால் மட்டும் வேணாம்.”

அப்பா அதை மறுபடியும் போட்டுக் கேட்டார். பிறகு போனைத் துண்டில் துடைத்து அம்மாவிடம் கொடுத்தார்.

“மாடு வரலாம். மாட்டோட பால் வரக் கூடாது. அப்ப என்னை வரச் சொல்லுறாளா, வர வேணாம்னு சொல்லுறாளா?”

“நீங்க இன்னா மாடா, பாலா?” என்றார் அம்மா.

“அத மொதல்ல அவளக் கேட்டுச் சொல்லு” என்று அப்பா கொட்டகைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் உங்கள் போனை எடுக்கவில்லை. கை ஈரமாக இருக்கிறது, வண்டியில் இருக்கிறேன் என்று அம்மா சொன்னதெல்லாம் பொய் அத்தை. கை காய்ந்துதான் இருந்தது.

நானும் அம்மாவும் அவரைத் துருவிக் கேட்டதில் கடைசியாக ஒரு காரணம் வெளியே வந்தது. பால் என்றால் பொங்க வேண்டும். செடிப்பால் பொங்காது. பொங்காத பாலை வைத்துக்கொண்டு தன் தங்கை சொந்தக்காரர்கள் முன்னால் அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவரால் பார்க்க முடியாது. “எங்கண்ணு முன்னாடி ஒரு செடிப்பால் பொங்கட்டும். நானே தூக்குல எடுத்துக்கினு வரேன். இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் மாட்டுக்குத் துணையா இருக்கேன்.” ஆக, அப்பா உங்கள் வீட்டுக்கு வருவதும் வராததும் எந்தச் செடியின் பால் பொங்கும் என்பதைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டதால் நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

நூலகத்தில் பால் என்று தேடினால் கால்நடை வளர்ப்புப் பக்கம்தான் அனுப்புகிறார்கள். எங்கள் அறிவியல் ஆசிரியை அன்புசெல்வி மிஸ்ஸிடம் கேட்டேன். பாலில் இருக்கும் புரதம் மேலே ஏடாகப் படர்ந்து மூடிக்கொள்கிறது, அடியிலிருந்து வரும் ஆவிக்கு வழி இல்லை, அதனால் ஏட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது, அதுதான் பொங்குவது என்று சொன்னார். “எதுக்குக் கேக்குற, பாடத்துல இல்லையே” என்றார். “எங்கத்தை புது வீட்டுக்குப் போறாங்க மிஸ்” என்றேன். அவர் “வாழ்த்துகள்” என்றார்.

முதலில் பாதாம் பருப்பு. பெரிய மார்க்கெட்டில் அம்மா வாங்கி வந்து அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தார். அதை ஊறவைத்து, தோலை உரித்து, மிக்ஸியில் போட்டு, வீடியோவில் வந்த அக்கா சொன்னபடி செய்துகொண்டிருந்தேன். ஒரு பங்கு பாதாமுக்கு நாலு பங்கு தண்ணீர் என்று அந்த அக்கா சொல்லவும் அப்பா உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. “இன்னா சொல்றா அந்தப் பொண்ணு?” “நாலு பங்கு தண்ணி ஊத்தணுமாம்பா.” “நாலா?” “ஆமாம்பா.” அப்பா அப்படியே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். “கல்யாணத்துக்கு முன்னேயிருந்து பால் ஊத்துறேன். புருஷோத்தமன் ஒரு சொட்டுத் தண்ணி கலந்தான்னு ஒருத்தன் வாயால சொன்னதில்ல. எங்கூடப் பொறந்தவளுக்கு நாலு பங்கு தண்ணி.” அம்மா அவருக்கு மோர் கொடுத்தார். எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது, ஆனால் ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதால் மெல்லிய துணியில் வடிகட்டினேன். அந்தத் துணி, உங்கள் வீட்டு விசேஷத்துக்காக அப்பா எடுத்து வைத்திருந்த மயில்கண் வேட்டி என்பது பிழிந்த பிறகுதான் தெரிந்தது. பார்க்க மெல்லியதாக இருந்ததால் எடுத்தேன். துவைத்துவிட்டோம். ஓரிடத்தில் மட்டும் பழுப்பாக இருக்கிறது, உட்கார்ந்தால் தெரியாது.

வடிகட்டிய பாலில் அப்பா தன்னுடைய மீட்டரை விட்டுப் பார்த்தார். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் கண்ணாடிக் குழாய், சட்டைப் பையிலேயே வைத்திருப்பாரே, அதுதான். அது பாதாம் பாலில் மிதக்கவே இல்லை, அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா அதைத் தூக்கி, துடைத்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார். அடுப்பில் வைத்தோம். கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. மேலே வரவில்லை. வெந்நீர் மாதிரி அதே இடத்தில் நின்று தளதளவென்று பேசிக்கொண்டிருந்தது. அம்மா சர்க்கரை போட்டு ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுத்தார். ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ருசியை வைத்து வீடு புக முடியாதே.

இரண்டாவது தேங்காய்ப் பால். இதை ஆரம்பத்திலேயே ஏன் யோசிக்கவில்லை என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அம்மாவும், “இத்தினி நாளா ஆப்பத்துக்கு ஊத்திக்கினு இருக்கோம், இதுக்குப் பேரு செடிப்பாலாம், இத பிரான்சுலேர்ந்து சொல்லி அனுப்பணுமாம்” என்று உற்சாகமாகத் துருவினார். கெட்டியான முதல் பாலைக் குண்டானில் ஊற்றி அடுப்பில் வைத்தோம். அது கொஞ்சம் மேலே வந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு திடீரென்று அங்கங்கே பிரிந்து, திட்டுத் திட்டாகத் திரிந்து, எண்ணெய் விட ஆரம்பித்தது. புது வீட்டுப் பால் திரிந்தால் நல்லதில்லை என்று அம்மாவுக்குப் பயம். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் மிளகாய்த் தூளையும் புளியையும் அள்ளி அதில் போட்டுவிட்டார். அப்பா வந்து, “இன்னா வாசனை?” என்று கேட்டபோது அது குழம்பாகிவிட்டது. அன்று காலையில் வீராம்பட்டினத்து மீன்கார அம்மா கொடுத்த சங்கரா மீனும் இருந்ததால் அதையும் போட வேண்டியதாயிற்று. சுவேதா அக்காவிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்ட வேண்டாம். உயிரைத் துன்புறுத்தாத பால் ஒன்றைத் தேடிப் போய் அது மீன் குழம்பில் முடிந்தது எப்படி என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

மூன்றாவது ஓட்ஸ். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. சூடேறினால் கூழாகிறது, கிளறினால் பசையாகிறது. நடுவில் பெரிய குமிழி ஒன்று வந்து ‘பொளக்’ என்று வெடித்துச் சுவரில் அடித்தது. அதுதான் பொங்கியதா என்று அம்மா கேட்டார். தெறித்ததைப் பொங்கியதாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று நானும் யோசித்தேன், மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மீதியை வைத்து என் பள்ளிக்கூட வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன். இன்று வரை விழவில்லை.

நான்காவதாக நான் செய்த வேர்க்கடலைப் பாலால்தான் பெரிய விபரீதம் நடந்துவிட்டது. அதைச் சாயங்காலம் அரைத்து வடித்து, காலையில் காய்ச்சிப் பார்க்கலாம் என்று ஒரு தூக்குவாளியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். நம் வீட்டில் ஒரே மாதிரி தூக்குவாளிகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அப்பா விடியற்காலையில் அதை முந்தின நாள் சாயங்காலம் கறந்த பால் என்று நினைத்து எடுத்து, அய்யப்பன் மாமா டீக்கடைக்குப் போகிற பாலோடு சேர்த்து ஊற்றிவிட்டார். பொழுது விடிந்து தெரு முழுக்க ஆள் நடமாடும் நேரத்தில் அய்யப்பன் மாமாவே சைக்கிளில் வந்து இறங்கினார். “இன்னா புருஷோத்தமா, மாட்டுக்குத் தீவனம் மாத்திட்டியா? டீ பூரா கடலைப் புண்ணாக்கு வாசனை வருது.” தெருவில் நாலு பேர் நின்று கேட்டார்கள். எனக்கு அப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை, கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பாலை எல்லாம் திரும்ப வாங்கிக் கொட்டிவிட்டு, வேறு பால் ஊற்றிவிட்டு வந்தார். மறுநாள் டீக்கடையில் இரண்டு பேர், “நேத்து போட்ட டீ போடு” என்று கேட்டார்களாம். அதை அம்மா சொல்லிச் சிரித்தபோதும் அப்பா சிரிக்கவில்லை.

“இன்னையோட சரி” என்றார். “செடிப்பால் பேச்சு இந்த வீட்டுல வேணாம். வாணி வீட்டுக்கு நீங்க போயிட்டு வாங்க.” அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னார். ஆனால் அன்று மத்தியானமே பித்தளைத் தூக்கை எடுத்து வைத்து மறுபடியும் துலக்கிக்கொண்டிருந்தார். போகப் போவதில்லை என்றால் எதுக்குப்பா துலக்குறீங்க என்று கேட்டேன். “பச்சை ஏறுது” என்றார். எனக்கு ஒன்றும் பச்சையாகத் தெரியவில்லை.

அப்போதுதான் கலியபெருமாள் மாமா சோயாவைப் பற்றிச் சொன்னார். அவர் ராணுவத்தில் இருந்தபோது எங்கோ ஒரு நாட்டில் காலையில் சூடாக ஒரு வெள்ளைத் தண்ணீர் கொடுப்பார்களாம், அது பொங்கிப் பொங்கி அடுப்பை அணைக்குமாம், அது சோயா என்று பிறகுதான் தெரிந்ததாம். “மொன் தியூ, கடவுளே, அந்த வாசனைக்குப் பசும்பால் எவ்வளவோ தேவலாம்” என்றும் சொன்னார். நான் பின்பாதியை மறந்துவிட்டு முன்பாதியை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம், “கடைசியா இது ஒண்ணு. இதும் பொங்கலன்னா நானே வாணிகிட்ட பேசிக்கிறேன்” என்றார். அப்பா என் கையில் இருந்த சோயா பருப்பை வாங்கிப் பார்த்தார். “இதோட புண்ணாக்கதான நான் செவலைக்குப் போடுறேன். இத மாட்டுக்குப் போட்டா பாலாவுது. நீங்க நடுவுல மாட்ட எடுத்துட்டு நேரா பால் எடுக்கப் பாக்குறீங்க.” அத்தை, இவ்வளவு நாளாக நான் படித்ததில் செடிப்பாலை இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கவில்லை. ஆனால் அவர் அதைத் திட்டாகச் சொன்னாரா, ஒப்புக்கொண்டு சொன்னாரா என்பதுதான் குழப்பம்.

நேற்று சனிக்கிழமை. ஊறிய சோயாவைத் தோல் நீக்கி அரைத்தேன், சரியான துணியில் பிழிந்தேன். லேசான மஞ்சளாக, பச்சை வாசனையோடு இருந்தது. அடுப்பைக் கிழக்குப் பார்த்து வைத்துக் கோலம் போட்டோம், சோதனை என்றாலும் சோதனையை முறையாகச் செய்ய வேண்டும் அல்லவா. அப்பா குளித்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குண்டானைப் பார்த்தார். “சக்கை மெதக்குது. குடு, இன்னொரு தரம் வடிகட்டிக் குடுக்குறேன்” என்று அதைக் கொட்டகைப் பக்கம் எடுத்துக்கொண்டு போனார். எதிரியாக இருந்தவர் இவ்வளவு உதவி செய்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குண்டானோடு வந்தார். வடிகட்டியதில் மஞ்சள் நிறம் போய்ப் பால் வெள்ளை வெளேரென்று ஆகியிருந்தது. பச்சை வாசனையும் போய்விட்டது. அனுபவம் உள்ள கை வடிகட்டினால் எவ்வளவு வித்தியாசம் என்று கவனித்துக்கொண்டேன். அடுப்பில் வைத்தோம். மேலே ஏடு படர்ந்தது, அன்புசெல்வி மிஸ் சொன்னபடியே. பிறகு அந்த ஏடு மெல்ல உப்பி, விளிம்பைத் தொட்டு, நாலு பக்கமும் பொங்கி வழிந்தது அத்தை. வீடு முழுக்க தினமும் காலையில் வருகிற அதே வாசனை. சோயா இவ்வளவு பழகிய வாசனையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் கை தட்டினேன். அம்மா தட்டவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார், உணர்ச்சிவசப்பட்டிருக்க வேண்டும். அப்பாவோ அடுப்பைப் பார்க்காமல் கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, பொங்கிடுச்சுல்ல. தூக்கிக்கினு வரேன்னு சொல்லு அவகிட்ட” என்றார்.

ஆகையால் அத்தை, இந்தக் கடிதத்தின் முக்கியமான செய்தி இதுதான். சோயாப் பால் பொங்கும். பசும்பால் மாதிரியே பொங்கும். அப்பா தன் கையால் பித்தளைத் தூக்கில் கொண்டுவருவார். நீங்கள் கவலைப்பட வேண்டாம், இனிமேல் போன் செய்தால் எடுப்பார்.

இதோடு தொடர்புடைய சில சந்தேகங்களையும் எழுதிவிடுகிறேன், சுவேதா அக்காவைக் கேட்டுச் சொல்லவும். பால் கூடாது என்றால் ஹோமத்துக்கு நெய் ஊற்றலாமா, அல்லது ஐயரிடம் நல்லெண்ணெய் ஊற்றச் சொல்ல வேண்டுமா, சொன்னால் ஐயர் இருப்பாரா? வாசலில் சாணம் தெளிக்கலாமா, அது மாடு தானாகவே கொடுப்பது, யாரும் பிடுங்குவதில்லை. விபூதியும் சாணத்தில்தான் ஆரம்பிக்கிறது. தவில் வைக்கலாமா, அதில் தோல் இருக்கிறதே. மாட்டையும் கன்றையும் புது வீட்டுக்குள் அழைத்து வரச் சொன்னீர்கள், உங்கள் வீடோ மூன்றாவது மாடி. குடியிருப்புச் செயலாளர் முருகையன் சாரை அப்பா போய்ப் பார்த்தார். மாடு கார் நிறுத்தும் இடம் வரை வரலாம், லிஃப்டில் எட்டுப் பேர்தான் ஏறலாம் என்று சொன்னாராம். “செவலை எத்தினி பேரு சார்?” என்று அப்பா கேட்டாராம்.

கோபிநாத் மாமாவுக்கு என் வணக்கங்கள். சுவேதா அக்காவுக்கு என் அன்பும், கன்றின் அன்பும். வயதில் சிறியவள் ஆதலால் நான் ஆசீர்வாதம் சொல்ல முடியாது, நீங்கள்தான் அங்கிருந்து எனக்கு அனுப்ப வேண்டும். புது வீட்டில் அடுப்பு அணையாமல், அரிசி குறையாமல், யார் போன் செய்தாலும் எடுக்காமல் இருந்துவிடாமல் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று முத்தியால்பேட்டைப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகள்,
பு. சிவசங்கரி, ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு: அத்தை, நான் உறையில் போடப் போகும்போது அம்மா கடிதத்தை வாங்கிப் படித்தார். நேற்றைய பகுதிக்கு வந்ததும் மறுபடியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அது உணர்ச்சி இல்லை, சிரிப்பு.

“அது சோயா இல்லடி” என்றார்.

“பின்ன?”

“செவலை.”

அப்பா வடிகட்டப் போனது வடிகட்ட இல்லையாம். சோயாவைக் கன்றின் வாளியில் ஊற்றிவிட்டு, குண்டானில் அப்போதுதான் கறந்த பாலை நிரப்பிக்கொண்டு வந்தாராம். கன்று அதை ஒரு சொட்டு விடாமல் குடித்திருக்கிறது. அதன் வயிறு ஏன் கலங்கியது என்பது இப்போது விளங்குகிறது. “எனக்குப் பால் காயும்போதே தெரியும். வருசக் கணக்கா அந்தப் பாலத்தான காய்ச்சுறேன்” என்றார் அம்மா. “அப்பவே ஏம்மா சொல்லல?” என்று கேட்டதற்கு, “அந்த மனுசன் வரேன்னு வாயத் தொறந்து சொன்னாரே, அத நான் கெடுக்கவா?” என்றார்.

நான் நேராகக் கொட்டகைக்குப் போய் அப்பாவைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. “நேத்து பொங்கலன்னா நீ அழுவ. அன்னிக்குப் பொங்கலன்னா வாணி அழுவா. நாலு பேரு முன்னாடி அவ அடுப்பு சும்மா நிக்கிறதா? அன்னிக்கும் இப்படியே மாத்தி ஊத்திடலாம்னு இருந்தேன். பிரான்சுலேர்ந்து வரவங்களுக்கு இன்னா தெரியப் போவுது.”

“சுவேதாக்கா அது கன்னுக்குட்டியோட பால்னு சொன்னாங்களேப்பா.”

“அதான் கன்னுக்குட்டிக்கு அவங்க பால ஊத்திட்டேனே. சரிக்குச் சரி.”

இப்போது நம் வீட்டில் கன்று செடிப்பால் குடிக்கிறது, செடிப்பால் என்று பெயர் சூட்டிக்கொண்டு மாட்டுப் பால் பொங்குகிறது, நானோ அதை அறிவியல் உண்மை என்று உங்களுக்கு நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தால் கலியபெருமாள் மாமா வரும் நேரமாகிவிட்டது. ஊறியதில் ஒரு கை சோயா மீதி இருந்தது. அழுதுகொண்டே அரைத்தேன். அப்பா தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் நின்றார். இந்த முறை குண்டானை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. மஞ்சளாக, பச்சை வாசனையோடு அப்படியே அடுப்பில் வைத்தேன். கொதிக்கக்கூட இல்லை அத்தை, அதற்குள் நுரை நுரையாகக் கிளம்பி, விளிம்பைத் தாண்டி, அடுப்பை அணைத்து, மேடையில் வழிந்து, தரையில் இறங்கி அப்பாவின் காலைத் தொட்டது. செவலையின் பால்கூட இப்படிப் பொங்கி நான் பார்த்ததில்லை. அப்பா குனிந்து, எந்தப் பக்கம் முதலில் வழிந்தது என்று பார்த்தார்.

“கிழக்கால” என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்து, மீதிப் பாலில் விட்டுப் பார்த்தார். என்ன காட்டியது என்று சொல்லவில்லை. துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, “வாணிக்கு எத்தினி லிட்டர் வேணும்னு கேட்டு எழுது. ஆனா நாலு பங்கு தண்ணியெல்லாம் ஊத்த மாட்டேன். என் தூக்குல வர பால், ரெண்டு பங்குதான்” என்றார்.

கலியபெருமாள் மாமா வாசலில் நின்று கூப்பிடுகிறார். திருத்தி எழுத நேரமில்லை. அப்பா வருகிறார், அத்தை. மேலே எழுதியதில் அதை மட்டும் நம்பவும்.